‘ஆனால்’ என்னும் சிறு சொல்

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்தவன் சாக்குப்போக்குகளைப் பற்றி ஒரு பெரிய புஸ்தகமே எழுதிவிடலாம். வீட்டுப் பாடம் எழுதிவராத பையனுக்கு முதல் நாள் தலைவலி. மறு நாள் தங்கைக்கு ஜுரம். மூன்றாம் நாள் வீட்டில் விளக்கு எரியவில்லை. ஒரே பாட்டியாரை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பரலோகத்துக்கு அனுப்பிவைத்த சிஷ்யர்களும் எனக்கு உண்டு. வகுப்பில் கோபித்துக்கொள்வதுபோல் பாவனை செய்துவிட்டு, உபாத்தியாயர்கள் அறைக்கு வந்ததும் நாங்கள் இவற்றைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

பையன்களின் சாக்குகளால் பெரிய தீங்கு விளைந்துவிடுவதில்லை. பெரியவர்கள் சொல்லும் சாக்குகளுக்குத்தான் அஞ்ச வேண்டும். ஏனென்றால், அவற்றில் பெரும்பாலானவை உண்மையானவை!

இது என்ன விபரீதம் என்று நேயர்கள் நினைக்கலாம். பொய்யான சாக்கு ஈரக் காகிதம் போன்றது. கொஞ்சம் இழுத்தால் கிழிந்துபோகும். மெய்யான சாக்கு அப்படிக் கிழியாது. அதை எடுத்துக் குற்றத்தின்மேல் போர்த்திவிட்டால் குற்றத்தின் வடிவமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். போர்த்தியவனும், தான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று நிம்மதியாகத் தூங்குவான். இந்த வித்தையில் எனக்கே அநுபவம் உண்டாகையால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கூட்டல் கணக்கு

ஒரு வருஷம் அரையாண்டுப் பரீட்சையில் என் வகுப்புப் பையன் ஒருவனுடைய மார்க்குகளைக் கூட்டுவதில் பிசகு செய்துவிட்டேன். சரித்திரத்தில் அவன் வாங்கியது 41. நான் மேலே எழுதியது 31. தேறுவதற்கு வேண்டியது 35. இரண்டு நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் விடைத்தாளை எடுத்துக்கொண்டு, ஹெட்மாஸ்டரும் நானும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தான். “ஸார், கூட்டலில்...” என்று சொல்லிவிட்டு, மேலே சொல்லப் பயந்து நின்றான். நான் வாங்கிப் பார்த்தேன். பையன் சொன்னது சரி. தாளை நீட்டிய அவனுடைய கையில், முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு பிரம்புத் தடிப்பு சிவந்திருந்தது. தகப்பனார் கொடுத்த பரிசு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தப்புத்தான். ஆனால் நூற்று நாற்பது தாள்களை மூன்று நாளில் திருத்திக் கொடுக்கச் சொன்னால் இப்படி நேரத்தானே செய்யும்? வீட்டில் குழந்தைக்கு வேறு உடம்பு சரியில்லை. இவன் கையெழுத்தைத்தான் பாருங்களேன்! படித்து முடிப்பதற்குள் கண்ணே போய்விடுகிறது” என்றேன்.

அத்தனையும் நிஜம். தாள்கள் நூற்று நாற்பதுதான்; கெடு மூன்று நாள்தான்; குழந்தைக்கு உடம்பு சரியில்லைதான்; பையனுடைய கையெழுத்தும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். ஆனால் நான் கூட்டினது என் கையால் எழுதிய எண்களை! அவனுடைய கையெழுத்துக்கும் என் கூட்டலுக்கும் என்ன சம்பந்தம்?

பையன் ஹெட்மாஸ்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பரவாயில்லை, ஸார். இனிமேல் நன்றாக எழுதுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அடி வாங்கியவனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனான் என்பது, அவன் போய் வெகு நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் அந்த வகுப்பில் நடத்தவேண்டியிருந்த பாடம், பஞ்சாப் படுகொலை.

அமிருதசரஸில் ஒரு மாலை

ஜாலியன்வாலா பாக் என்ற பெயரைக் கேட்டறியாத குடும்பம் நம் தேசத்தில் இராது. 1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, பைசாகித் திருநாள். அமிருதசரஸில், நாற்புறமும் வீடுகளின் பின்சுவர்கள் சூழ்ந்த ஒரு வெற்றிடத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடியிருந்தார்கள். திருநாளுக்காகக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் அதில் ஏராளம். ஜெனரல் டயர் துப்பாக்கி ஏந்திய 50 சிப்பாய்களுடன் அங்கே வந்தார். கலைந்துபோகும்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சுடும்படி உத்தரவிட்டார். ஏறக்குறையப் பத்து நிமிஷம், 1,650 குண்டுகள். வெளியேறும் வழிகள் சிலவே, அவையும் குறுகலானவை. குண்டுகள் தீரும் தறுவாயில்தான் துப்பாக்கிகள் ஓய்ந்தன. பிறகு டயர் சிப்பாய்களுடன் திரும்பிப் போய்விட்டார். விழுந்து கிடந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை. அன்று இரவு 8 மணிக்கு மேல் தெருவில் நடமாடக்கூடாது என்று உத்தரவு.

ரத்தன் தேவி என்ற ஸ்திரீ பின்னர்க் காங்கிரஸ் விசாரணைக் கமிட்டிக்குக் கொடுத்த வாக்குமூலம் ஒன்று உண்டு. அந்தத் திடலில் தன் கணவனுடைய உடலை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கட்டில் ஒன்று வேண்டுமென்று அக்கம்பக்கத்தில் கேட்டாள். எட்டு மணி ஆகிவிட்டதால் வெளியே வர யாருக்கும் துணிவில்லை. ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, நாய்கள் அண்டாதபடி விரட்டிக்கொண்டு, இரவு முழுதும் அந்த உடலின் பக்கத்தில் தனியே உட்கார்ந்திருந்தாள். அருகில் காயம்பட்டுக் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன்னை விட்டுப் போய்விட வேண்டாம் என்று அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இதுதான் நடந்த காரியம். இனி, இந்தக் காரியம் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிச் சிறுத்தது என்பதைப் பார்ப்போம்.

மலை கடுகான விதம்

முதலாவது, பெயரை மாற்றுவது. 1920 ஜூலையில் பிரிட்டிஷ் ராணுவ கவுன்ஸில் இந்த விஷயத்தை ஆராய்ந்து தன் முடிவை வெளியிட்டது. டயர் இருந்த நிலைமை மிகவும் சங்கடமானதே. ஆயினும், முடிவு செய்வதில் பிழை செய்தார் என்ற குற்றத்திலிருந்து அவரை விடுவிக்க முடியாது என்பது அதன் சாரம். முடிவு செய்வதில் பிழை! மழை வராது என்று நினைத்துக் குடை எடுக்காமல் போனவனைப் பற்றியும் இப்படித்தானே சொல்லுவோம்? கொலை என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பிழை என்ற சொல்லைப் போட்டவுடனே பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, கணக்கைக் குறைப்பது. மாண்டவர்கள் 379 பேர் என்பது ஸர்க்கார் கணக்கு. காங்கிரஸ் விசாரணையில் ஏறக்குறைய 1,000 என்று கண்டார்கள். இந்தத் தர்க்கம் முக்கால் நூற்றாண்டு கழிந்தும் ஓயவில்லை. 1997-இல் எலிஸபெத் ராணியாருடன் அந்த இடத்துக்கு வந்த பிலிப் இளவரசர், அங்கே பலகையில் எழுதியிருந்த 2,000 என்ற தொகை மிகையானது என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் இழவு வீட்டுக்குப் போனவன், வாசலில் நின்றுகொண்டு பிணங்களை எண்ணி, நீங்கள் சொன்னதைவிடக் குறைவாகவல்லவா இருக்கிறது என்று சொன்னால், அந்த உண்மையால் யாருக்கு என்ன ஆறுதல்?

மூன்றாவது, சந்தர்ப்பம். இதுதான் மெய்யான சாக்கு. ஏப்ரல் 10-ந் தேதியன்று அமிருதசரஸில் தலைவர்கள் இருவரை ஸர்க்கார் பிடித்து அப்புறப்படுத்தியதன்மேல் கலகம் மூண்டது உண்மை. ஜனங்களின் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததும், ஐந்து ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதும், மிஸ் ஷெர்வுட் என்ற மாது ஒரு சந்தில் தாக்கப்பட்டதும் உண்மை. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் அந்த மாதை எடுத்துக் காப்பாற்றியவர்களும் அந்த ஊர் இந்தியர்களே. மூன்று நாள் கழித்து வேறோர் இடத்தில் தரையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் 10-ந் தேதிக் குற்றத்துக்கும் என்ன தொடர்பு? என் பையனுடைய கையெழுத்துக்கும் என் கூட்டலுக்கும் இருந்த தொடர்புதான்!

நான்காவது, பழியை அடிபட்டவன் தலையில் ஏற்றுவது. கூட்டம் கூடக்கூடாதென்று அன்று காலை தமுக்கடித்திருந்தோமே, ஏன் கூடினார்கள் என்று கேட்டார்கள். தமுக்கு நகரம் முழுவதும் அடிக்கப்படவில்லை என்பதும், வெளியூரார் பலருக்கு அது தெரியவே தெரியாது என்பதும் விசாரணையில் வெளிவந்தன. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. தள்ளிய குதிரையே, நீ ஏன் என்மேல் ஏறினாய் என்றும் கேட்டால் எப்படி இருக்கும்?

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். டயர் தாமாக அதிகம் மழுப்பவில்லை. 1919 நவம்பரில் லாகூரில் ஹண்டர் கமிட்டியின் முன் அவர் கொடுத்த சாட்சியம் பயங்கரமான அளவுக்கு வெளிப்படையாக இருந்தது. சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்கக்கூடும் என்றும், அப்படிச் செய்திருந்தால் ஜனங்கள் திரும்பி வந்து தம்மைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றும், பஞ்சாப் முழுவதிலும் ஒரு பயத்தை உண்டாக்குவதே தம் நோக்கமென்றும் அவர் ஒப்புக்கொண்டார். காயம்பட்டவர்களைக் கவனிப்பது தம் வேலை அல்ல, ஆஸ்பத்திரிகள் திறந்துதான் இருந்தன என்றார். சாக்குகளைத் தைத்துக் கொடுத்த தையற்காரர்கள் பெரும்பாலும் அவருடைய மேலதிகாரிகளும் அபிமானிகளுமே. விசாரணை ஆரம்பமாவதற்கு முன்பே, 1919 செப்டம்பரில், அதிகாரிகளைக் காப்பாற்றும் சட்டம் ஒன்று டில்லி ஸர்க்காரின் சட்டசபையில் நிறைவேறிவிட்டது. நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே மருந்து தயார்!

குறைத்துக்கொண்டே போனால்...

குற்றத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அது எங்கே போய் நிற்கும்? சூன்யத்தில் போய் நிற்கும் என்று கணக்கு உபாத்தியாயர் சொல்லுவார். சரித்திர உபாத்தியாயருக்கு வேறு அநுபவம். அது சூன்யத்தில் நிற்பதில்லை. சூன்யத்தையும் தாண்டி அந்தண்டைப் பக்கம் போய்ப் புகழாகிவிடும்.

டயர் விஷயத்தில் அப்படியே நடந்தது. 1920 ஜூலை 8-ந் தேதி காமன்ஸ் சபையில் இந்தியா மந்திரி மாண்டேகும், யுத்த மந்திரி சர்ச்சிலும் டயரின் செய்கையைக் கண்டித்தே பேசினார்கள். 230 வோட்டுகளுக்கு எதிராக 129 வோட்டுகள்தான் டயருக்கு அநுகூலமாக விழுந்தன. ஆனால் அதே மாதம் பிரபுக்கள் சபையில் 129 பேர் டயருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற கட்சியிலும், 86 பேர் மட்டும் எதிர்க்கட்சியிலும் வோட்டுக் கொடுத்தார்கள். ‘மார்னிங் போஸ்ட்’ என்ற லண்டன் பத்திரிகை டயருக்காக நிதி திரட்டியது. 26,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. சங்கடமான நிலைமையில் பிழை செய்த மனிதர் ஒரு வருஷத்துக்குள் சாம்ராஜ்யத்தைக் காத்த வீரராகிவிட்டார்.

குற்றத்தின் அளவைக் குறைக்க மறுத்தவருக்கோ அபராதம் கிடைத்தது. சென்னை ஹைகோர்ட் நீதிபதியாகவும், 1897-இல் காங்கிரஸ் அக்கிராசனராகவும் இருந்தவர் சேட்டூர் சங்கரன் நாயர். பஞ்சாபில் நடந்ததைக் கண்டு மனம் பொறாமல் 1919-இல் வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து ராஜினாமாச் செய்தார். பிறகு தாம் எழுதிய ஒரு புஸ்தகத்தில், அந்த அட்டூழியங்களுக்குப் பஞ்சாப் கவர்னர் ஓட்வயரைப் பொறுப்பாக்கினார். ஓட்வயர் லண்டனில் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1924-இல் நடந்த அந்த வழக்கில் நீதிபதி மக்கார்டி, டயர் செய்தது சரியே என்று பகிரங்கமாகச் சொன்னார். ஜூரர்கள் பன்னிருவரில் பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி ஒருவரே சங்கரன் நாயர் பக்கம். 500 பவுன் நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தன. மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் போதும் என்றபோதும் அவர் கேட்கவில்லை.

கடுகை மலையாகக் கண்டவர்

இதே காலத்தில் மற்றொரு மனிதரும் ஒரு தவறு செய்தார். 1919 ஏப்ரலில் காந்திஜி பஞ்சாபுக்குப் போகும் வழியில் பிடிபட்டதைக் கேட்டு, ஆமதாபாத்திலும் சுற்றுப்புறங்களிலும் ஜனங்கள் பலாத்காரத்தில் இறங்கிவிட்டார்கள். உயிர்கள் போயின. காந்திஜி அங்கே இல்லை. பலாத்காரம் கூடாதென்று ஓயாமல் சொல்லிவந்தவரும் அவரே. சாக்குச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? அவரோ மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஜனங்களுக்குப் போதிய பயிற்சி அளிக்காமல் சட்ட மறுப்பில் இறங்கச் சொன்னது தம் குற்றமே என்றார். அதற்கு இமயமலை அவ்வளவு பெரிய தவறு என்று பெயரும் வைத்தார். பலர் அவரைப் பரிகாசம் செய்தார்கள்.

அவர் தம் கட்சிக்கும் சலுகை கொடுக்கவில்லை. அந்த வருஷம் டிஸம்பரில் அதே அமிருதசரஸில் கூடிய காங்கிரஸில், ஜனங்கள் செய்த கொலைகளையும் கண்டித்துத் தீர்மானம் செய்யவேண்டுமென்று மன்றாடினார். புண் ஆறாத ஊர். அந்தத் தீர்மானத்தை அங்கே நிறைவேற்றுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜனங்களுக்கு ஆத்திரமூட்டப்பட்டது என்ற உண்மையையும் சொல்லி, அவர்கள் செய்ததையும் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு, 1922-இல் சௌரி சௌராவில் ஒரு கூட்டம் இருபதுக்கும் மேற்பட்ட போலீஸாரைக் கொன்றபோது, இயக்கத்தையே நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் ஆமதாபாத் கோர்ட்டில், குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் எந்தச் சமாதானத்தையும் தாம் சொல்லப்போவதில்லை என்று அவரே சொல்லி, ஆறு வருஷத் தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

நமக்கு இது புதிய தர்மம் அன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனைக் கொல்லச் செய்தது ஒரு பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு. இரண்டு சிலம்புகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததும் உண்மை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, அவனுக்குச் சொல்ல இரண்டு மெய்யான சாக்குகள் கைவசம் இருந்தன. அவன் ஒன்றையும் சாக்காகச் சொல்லவில்லை. அரியணையிலேயே உயிரை விட்டான்.

யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

அப்படியானால் சந்தர்ப்பம் என்பதையே கவனிக்கக் கூடாதா என்று கேட்கலாம். அவசியம் கவனிக்க வேண்டும். 1860-இல் இயற்றப்பட்டு 2024 வரையில் வழங்கிவந்த இந்தியத் தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்தது குற்றமே ஆகாது என்றது. திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டுக் கொன்றவனுக்கும் திட்டமிட்டுக் கொன்றவனுக்கும் வித்தியாசம் வைத்தது. சந்தர்ப்பத்தைப் பாராத நீதி, குருட்டு நீதிதான்.

விஷயம், அதை யார் எடுத்துச் சொல்வது என்பதில் இருக்கிறது. காந்திஜி பதினைந்து வயதில் தமையனுடைய தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து விற்றுக் கடன் அடைத்த கதையை நாம் அறிவோம். கடனும் தமையனுடையது, காப்பும் தமையனுடையது. நல்ல சாக்குகள் அல்லவா? ஆனால் தகப்பனாருக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருந்தவை குற்றமும், தண்டிக்கவேண்டும் என்ற கோரிக்கையும், இனித் திருடேன் என்ற உறுதியும்தான். படித்த தகப்பனார் கண்ணீர் விட்டார்; காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மகன் சொல்லாமல் விட்டதையெல்லாம் தகப்பனாரின் மனம் தானே சொல்லிக்கொண்டது. துன்பம் அடைந்தவர் நம் சந்தர்ப்பத்தை நினைத்துப் பார்த்தால் அதற்குக் கருணை என்று பெயர். துன்பம் இழைத்தவனே அதை எடுத்து ஓதினால் சாக்கு.

இன்னொன்றும் கவனித்தேன். சாக்கு எப்போதும் மேலே பார்த்தே பேசுகிறது. டயருடைய நிலைமையின் சங்கடத்தைக் கமிட்டிக்குச் சொன்னார்கள், கவுன்ஸிலுக்குச் சொன்னார்கள், பார்லிமெண்டுக்குச் சொன்னார்கள். மூங்கில் கழியுடன் விடிய விடிய உட்கார்ந்திருந்த ரத்தன் தேவியிடம் போய், “அம்மா, இது முடிவு செய்வதில் நேர்ந்த பிழை” என்று சொல்ல யாராலாவது முடிந்திருக்குமா? நூறு வருஷம் கழித்து, 2019 ஏப்ரலில், பிரிட்டிஷ் பிரதம மந்திரி தெரேசா மே பார்லிமெண்டில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் அப்போதும் வரவில்லை.

அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, ‘முடிவு செய்வதில் பிழை’ என்ற இடத்துக்கு வந்ததும் என் நாக்குத் தடைப்பட்டது. மூன்றாவது பெஞ்சியில் அந்தப் பையன் உட்கார்ந்து, என் சொற்களை முன்னைவிட அழகாக, நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். நான் ஹெட்மாஸ்டர் முகத்தைப் பார்த்துத்தான் அன்று பேசினேன்; இவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புஸ்தகத்தை மூடி வைத்தேன். “உன் மார்க்கைத் தப்பாகக் கூட்டியவன் நான். அதற்கும் உன் கையெழுத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் நீ அடி வாங்கினாய். என்னை மன்னித்துவிடு” என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். அன்று மாலை அவன் தகப்பனாரிடமும் போய்ச் சொன்னேன். இரண்டு இடத்திலும் ‘ஆனால்’ என்ற சொல் நாக்கின் நுனி வரையில் வந்தது. அதை விழுங்குவது வேப்பெண்ணெய் விழுங்குவதைவிடக் கஷ்டமாகவே இருந்தது.

நம் வீடுகளில் தினந்தோறும் சிறு சிறு தவறுகள் நடக்கின்றன. கணவன் மனைவியிடம், மாமியார் மருமகளிடம், எஜமானர் வேலைக்காரரிடம் செய்யும் தவறுகள். ‘தப்புத்தான்’ என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். அதற்குமேல் சொல்லவேண்டியது ஏதேனும் இருந்தால், அதை எதிரே நிற்பவர் சொல்லட்டும்.